தட்டட்டித் தோட்டமும் தண்ணீர் போகும் வழியும்

எங்கள் பக்கம் மொட்டை மாடியைத் தட்டட்டி என்போம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில் இப்போது 43 பைகளில் செடி நிற்கிறது. 2023 வரைக்கும் 110 இருந்தது. ஆசை குறைந்துபோய் நான் பைகளைக் குறைக்கவில்லை. ஒரு ராத்திரி மழை வந்து, எது எங்கே இருக்கலாம், எது இருக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது. அந்த மழைக்கு முன்னும் பின்னும் வீட்டில் செய்து பார்த்ததையெல்லாம், கெட்டுப்போனதையும் சேர்த்து, எழுதி வைக்கிறேன். பழைய வீட்டில் குடியிருந்துகொண்டு, அதை அழகாக்க வேண்டும் என்று கை துறுதுறுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

வீடு என் வீட்டுக்காரருடைய தாத்தா கட்டியது. நடை, பட்டாசல் என்கிற கூடம், நடுவில் மேலே திறந்த வானவெளி, அதைத் தாண்டி அடுக்களை, புறவாசல் என்று நீளமாகப் போகும். பட்டாசலுக்கு மேலே இருப்பது பழைய சுண்ணாம்புக் கட்டு. தேக்கு உத்திரங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்துக் கெட்டித்து, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓடு பாவியிருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பார்களே, அதுதான். பின்பக்கம் அத்தை, அதாவது என் மாமியார், படுக்கிற அறையும் அடுக்களையும் மட்டும் 1980களில் இடித்துக் கான்கிரீட் போட்டது. கீழே நின்று பார்த்தால் இரண்டு காலத்துக் கூரை என்பது தெரியும். மேலே ஏறினால் ஒரே மட்டமாகத் தட்டோடு பாவி, ஒரே தளம் போலத்தான் இருக்கும். நான் அதை ஒரே தளம் என்றே நினைத்துவிட்டேன்.

2019இல் இங்கே குடிவந்தோம். அடுத்த வருடம் ஊரடங்கு. கடைக்குப் போய்க் காய் வாங்கவே யோசித்த நாட்களில் நாலு பையில் மிளகாயும் தக்காளியும் போட்டேன். முதல் தக்காளி பழுத்த அன்றைக்கு மகள் அதை அரிவாள்மனையில் நாலாக நறுக்கி, ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். அதற்குப் பிறகு கையைக் கட்டிப்போட முடியவில்லை. நாலு நாற்பதாகி, நாற்பது நூறானது. தென்னை நார்க்கழிவுக் கட்டி அந்த நேரத்தில் சரியாகக் கிடைக்கவில்லை. தெரிந்தவர் வண்டியில் செம்மண் கொண்டுவந்து இறக்கினார். பைகளில் முக்கால்வாசியை வெறும் செம்மண்ணால் நிரப்பினேன்.

அன்றைக்கே ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை ஒன்று ஏறத்தாழ 20 லிட்டர் பிடிக்கும். அதில் செம்மண் நிரப்பித் தண்ணீர் விட்டால் 35 கிலோவைத் தொடும். 110 பையில் முக்கால்வாசி இப்படி என்றால் மொத்தம் 3 டன்னைத் தாண்டும். ஒரு யானையைத் தட்டட்டியில் ஏற்றிக் கட்டிப்போட்டதற்குச் சமம். அதுவும் பாதிப் பைகளை அந்தத் தேக்கு உத்திரக் கூரையின் நட்டநடுவில் வைத்திருந்தேன். காலையில் பட்டாசல் வாசலிலிருந்து ஏறினால் முதலில் கண்ணில் படுகிற இடம் என்பதுதான் காரணம்.

அத்தைக்கு முழங்கால் வலி. தட்டட்டிக்கு ஏற மாட்டார்கள். கீழே இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்கள். "ஏளா, மேல என்னத்தையும் வளத்துக்கோ. தூம்பு வாயில மட்டும் எதையும் வைக்காத. தண்ணி போக வழியில்லன்னா அது கீழதான் வரும்." தூம்பு என்பது தளத்து மழைத் தண்ணீர் வடிகிற துளை. நான் அதற்கு நேரே எதையும் வைக்கவில்லைதான். ஆனால் பைகளைத் தரையோடு தரையாக ஒட்ட ஒட்ட அடுக்கியிருந்தேன். பையின் அடியில் ஒழுகுகிற மண்கலந்த தண்ணீர் அங்கேயே தேங்கிக் காய்ந்து, தட்டோட்டு இடுக்குகளில் சேறாகப் படிந்தது. பையைத் தூக்கினால் அடியில் பாசியும் மரவட்டையும் இருக்கும். அதைத் தோட்டத்தின் செழிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் அன்றும் மறுநாளும் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரை தாண்டியது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. எங்கள் தெரு மேடு, அதனால் ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. எங்களுக்கு மேலிருந்து வந்தது.

ராத்திரி பத்து மணி இருக்கும், கரண்ட் இல்லை. அத்தை அறையிலிருந்து ‘டொக்... டொக்’ என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் கூரையில் ஒரு தாம்பாள அளவுக்குக் கறுப்பு. அதன் நடுவில் சொட்டுக் கோத்து, அத்தையின் கட்டில் காலடியில் வைத்திருந்த பித்தளைச் செம்பின் மூடியில் விழுந்துகொண்டிருந்தது. அத்தையைப் பட்டாசலுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு, இவரும் நானும் மேலே போனோம். தட்டட்டிக் கதவைத் திறந்ததும் தண்ணீர் படியில் இறங்கியது. உள்ளே கெண்டைக்கால் முழுகுகிற அளவுக்குக் குளம். பைகள் பாதி முங்கி நின்றன, சில மிதந்து சுவரோரம் போய்ச் சாய்ந்திருந்தன.

தூம்பு இருக்கிற மூலை எனக்குத் தெரியும், ஆனால் கலங்கலில் தூம்பு தெரியவில்லை. குனிந்து கையை விட்டேன். முதலில் சேறு, அப்புறம் முடிக்கற்றை மாதிரி நார். அதை இழுத்தால் கூடவே பச்சை நிழல்வலைத் துண்டு ஒன்று வந்தது. ஆடிக் காற்றில் கிழிந்ததுதான், அப்போதே பொறுக்கிப் போடாமல் விட்டிருந்தேன். அந்தத் துண்டில் வேப்பிலையும் தக்காளிச் சருகும் நார்க்கழிவும் சேர்ந்து, சாணிவறட்டி போல அடைத்துப் பிடித்திருந்தது. உருவி எடுத்ததும் என் கை மணிக்கட்டோடு உள்ளே இழுபட்டது. ‘கடகட’வென்று தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அந்தத் தளம் முழுக்க வடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விடியும்போது அத்தை தலை வைத்துப் படுக்கிற இடத்தில் ஒரு முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்து கிடந்தது. அத்தை அதைப் பார்த்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

பொங்கல் கழித்துக் கொத்தனார் அண்ணாச்சி வந்தார். வயது எழுபதுக்குப் பக்கம், பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். கீழே உத்திரத்தை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மேலே போய்ப் பைகளுக்கு நடுவே நடந்தார். "யம்மா, வெயிட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். தண்ணி நின்னதுதான் வினை. இந்தக் கட்டு வெயிலத் தாங்கும், மழையத் தாங்கும். நாள் முழுக்க ஈரத்துல வச்சா தேக்கும் உளுத்துரும்" என்றார். நல்ல வேளையாக உத்திரம் ஒன்றும் உளுக்கவில்லை.

அவர் சொன்னபடி செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் தட்டட்டியில் தோட்டம் போட நினைக்கிற எவருக்கும் செடி வாங்கும் முன்னால் இதுதான் வேலை. பைகள் அத்தனையையும் கீழே இறக்கினோம். தட்டோட்டு இடுக்குகளைச் சுரண்டி, நீர்க்கசிவு தடுக்கும் கலவை சேர்த்த சிமெண்டால் அடைத்தார். கான்கிரீட் பக்கத்துக்கு 2 அங்குலக் குழாய் ஒன்றே ஒன்று இருந்தது; அதை 3 அங்குலமாக்கி, எதிர் மூலையில் இன்னொன்றும் வைத்தார். கைப்பிடிச் சுவரில், தளத்துக்கு 3 அங்குல உயரத்தில், தெருப்பக்கமாக ஒரு துளை போட்டார். கீழ்த் தூம்புகள் இரண்டும் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் 3 அங்குலத்துக்கு மேல் ஏறாது. அந்தத் துளை வழியாகத் தெருவில் கொட்டும். அது கொட்டினாலே தூம்பு அடைத்திருக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இத்தனைக்கும் அந்தத் துளைக்கு அரை நாள் வேலைதான். கடைசியில் கான்கிரீட் பகுதியை மட்டும் மண்ணால் வரம்பு கட்டி, 2 அங்குலத் தண்ணீர் நிறுத்தி, இரண்டு நாள் கீழே பார்த்தோம். ஈரம் தெரியவில்லை. பழைய சுண்ணாம்புக் கூரையில் இப்படித் தண்ணீர் கட்டிச் சோதிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

தூம்பு வாயில் கம்பி வலை மட்டும் போட்டால் இலை வந்து தட்டையாக ஒட்டி மறுபடி அடைக்கும். காய் கழுவுகிற பழைய எவர்சில்வர் சல்லடைக் கூடையைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். அடியில் இலை சேர்ந்தாலும் தண்ணீர் பக்கவாட்டில் மேல் துளைகள் வழியாகப் போய்விடும்.

இப்போது பைகள் நிற்கிற விதம் வேறு. பட்டாசல் கூரை மேல் ஒன்றுகூட இல்லை. கான்கிரீட் பக்கத்திலும் நடுவில் இல்லை; கீழே சுவர் ஓடுகிற கோட்டுக்கு நேர் மேலே, கைப்பிடிச் சுவரை ஒட்டி, வரிசையாக. ஒவ்வொரு பைக்கும் அடியில் செங்கல். அடியில் கை நுழைந்து துடைப்பத்தால் பெருக்க வேண்டும், அதுதான் அளவு. பெரிய பைகளுக்கு இரும்பு ஆங்கிளில் ஒரு சாண் உயரத்துக்குத் தாங்கி அடிக்க வைத்தேன்.

மண்ணும் மாறியது. நார்க்கழிவு 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மக்கிய சாணி உரமோ மண்புழு உரமோ 1 பங்கு, பைக்கு ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. இந்தக் கலவையில் அதே 20 லிட்டர் பை நனைந்தாலும் முன்பிருந்த எடையில் பாதியை ஒட்டித்தான் வருகிறது. நார்க்கழிவுக் கட்டியை வாங்கியதும் அப்படியே கலக்காதீர்கள். அதில் உப்பு இருக்கும். ஒரு பெரிய தொட்டியில் ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை வடித்து, இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். முதல் தடவை இதைச் செய்யாமல் வெண்டை போட்டேன். முளைத்த இலைகளின் ஓரமெல்லாம் தீய்ந்துபோனது. நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, இந்தக் கலவை ஒரு மாதத்தில் நாலு விரற்கடை இறங்கிவிடும். அப்போது மேலே உரம் போட்டு நிரப்புவது செடிக்கு நல்ல தீனி.

பை குறைந்ததும் எதை வைத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது. தக்காளியை விட்டுவிட்டேன், அந்த விலைக்கு அந்தப் பாடு வேண்டாம். கத்தரி, பச்சை மிளகாய், வெண்டை, சீனியவரைக்காய் (கொத்தவரை) ஆடியில் விதைத்தால் புரட்டாசி முதல் காய்க்கிறது. கீரைகளுக்கு உயரம் குறைந்த அகலத் தொட்டி போதும். சுவர் மூலையில் பிரண்டை. அதற்கு நான் எதுவுமே செய்வதில்லை, துவையலுக்கு வருடம் முழுக்க உண்டு. கறிவேப்பிலையைப் பையில் வைத்து மூன்று வருடம் போராடினேன். புளித்த மோர் ஊற்றினால் தளிர்க்கும்தான், ஆனாலும் குச்சியாகவே நின்றது. புறவாசலில் நிலத்தில் இறக்கிய பிறகு ஒரே மழைக்காலத்தில் என் தோளுக்கு வந்துவிட்டது. வேர் ஓட இடம் கேட்கிற செடியைப் பையில் வைத்து வருத்த வேண்டாம்.

குண்டுமல்லி ஆறு பை. நவம்பர் கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து ஒரு முழம் உயரம் விட்டு முழுக்க வெட்டிவிடுகிறேன். முதல் வருடம் வெட்டும்போது மனசு வரவில்லை. இரண்டு செடியை வெட்டாமல் விட்டேன். பங்குனியில் வெட்டிய நாலும் மொட்டாகக் குலுங்கின. வெட்டாத இரண்டும் இலையும் கொடியுமாக நின்றன. பிச்சிப்பூச் செடிக்கு இந்த வெட்டு டிசம்பர் கடைசியில்.

மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள். எறும்புதான் அதைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போகும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்கக் கொஞ்சம் பூந்திக்கொட்டைக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்து ஒரு செம்பருத்தியின் இலை அத்தனையும் கருக வைத்திருக்கிறேன்.

காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்கள் அதிகம் யோசிக்க மாட்டார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் இங்கே கதவைச் சாத்தவிடாது. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? நிழல்வலையை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினால் அது பாய்மரம் ஆகிவிடும். கம்பியையும் சேர்த்துப் பிடுங்கும். நான் பங்குனி முதல் வைகாசி வரை மட்டும் வலை கட்டுகிறேன். காற்று தொடங்குமுன் கழற்றி மடித்துப் பரணில் போட்டுவிடுகிறேன். அந்தத் துண்டு வலையை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வருடமும் மடிக்கிறேன்.

வீட்டுக்குள்ளே செய்த வேலைகளிலும் எங்களைச் சோதித்தது தண்ணீர்தான். 2021 தீபாவளிக்கு முன் பட்டாசல் சுவர்களுக்கு எமல்ஷன் பெயிண்ட் அடித்தோம். இளம் மஞ்சள், பார்க்க அவ்வளவு அழகு. ஆறு மாதத்தில் இடுப்புக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றை நகத்தால் கீறினால் பிளாஸ்டிக் தாள் மாதிரி உரிந்து வந்தது, பின்னால் ஈரப் பொடி. பெயிண்டில் குறை என்று கடைக்காரரிடம் போய்ப் பேசிவிட்டும் வந்தோம். பெயிண்டில் குறையில்லை. பழைய சுண்ணாம்புச் சுவர் அடியிலிருந்து ஓதத்தை, அதாவது நிலத்து ஈரத்தை, உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டுவிடும். அந்த வாயை நாங்கள் பெயிண்டால் மூடிவிட்டோம்.

கொத்தனார் அண்ணாச்சி தட்டட்டி வேலை முடித்த கையோடு அதையும் சுரண்டித் தள்ளிச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். நீற்றிப் புளிக்க வைத்த சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் துளி நீலமும் சேர்த்து, சுவரை நனைத்துவிட்டு, பால் மாதிரி மெல்லிசாக மூன்று கை. முதல் கை அடித்ததும் ஒன்றுமே அடிக்காதது போல இருக்கும். பதறிக் கெட்டியாக அடித்தால் பொரிந்து உதிரும். காயக் காயத்தான் வெள்ளை ஏறும். கண்ணில் தெறித்தால் பெரிய ஆபத்து, அதனால் கண்ணாடி போடாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். சுவரில் சாய்ந்தால் சட்டையில் கொஞ்சம் ஒட்டும், அதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். வெயில் காலத்தில் பட்டாசலுக்குள் நுழைந்ததும் தெரிகிற குளிர்ச்சிக்கு அது ஒன்றுமே இல்லை. அந்த வெள்ளைச் சுவரில் மாடக்குழி மட்டும் காவி பூசி விட்டிருக்கிறோம். படம், பொம்மை என்று எதுவும் மாட்டவில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் அந்தக் குழியிலிருந்து எழும்புகிற வெளிச்சம் போதும்.

பட்டாசல் தரை சிவப்பு ஆக்சைடு. அதைப் பளபளக்க வைக்கிறேன் என்று தேங்காயெண்ணெய் தேய்த்தேன். தேய்க்கலாம், ஆனால் சில துளிகளைத் துணியில் தொட்டுத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் கை வலிக்க மெருகேற்ற வேண்டும். நான் தாராளமாக ஊற்றிவிட்டேன், மகள் ஓடிவந்து வழுக்கி விழுந்தாள். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் பளபளப்பைவிடப் பிடிமானம் முக்கியம். இப்போது மாதம் ஒரு முறை, அதுவும் சுவரோரங்களில் மட்டும்.

அந்தத் தரைக்கு இன்னொரு கெடுதலும் செய்தேன். காருக்குறிச்சியிலிருந்து வாங்கிவந்த மண்தொட்டிகளில் செடி வைத்து, வானவெளியைச் சுற்றித் தரையிலேயே வைத்தேன். சிவப்புத் தரையில் மண்தொட்டி வரிசை, மேலேயிருந்து வெளிச்சம். அவ்வளவு லட்சணமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துத் தொட்டியை நகர்த்தினால் அடியில் வெள்ளை வளையம். மண்தொட்டி வியர்க்கும், போர் தண்ணீரில் உள்ள உப்பு தரையில் பூத்துவிடும். தேய்த்தாலும் முழுதாகப் போவதில்லை. இப்போது ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே ஒரு கடப்பாக் கல் துண்டு. கல்லறுக்கிற கடையில் கழிவாகக் கிடப்பதைச் சல்லிசாகக் கொடுத்தார்கள். உள்ளே இருக்கிற செடிகளுக்குப் பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ அரிசி களைந்த தண்ணீரோ மட்டும்.

வானவெளியில் அத்தையின் கல்யாணச் சீர் உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூப் போட்டு வைப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சங்குப்பூ நீலமும் செம்பருத்திச் சிவப்பும் பித்தளையில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் டெங்கு கொசு முட்டையிடுவது இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு நிரப்பினால் பயனில்லை, முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். மூன்று நாளைக்கு ஒரு முறை புளி போட்டு ஓரமெல்லாம் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகுதான் மறுபடி நிரப்புவேன். உருளியும் அதனால் பளிச்சென்று இருக்கிறது.

வானவெளிப் பக்கத்து ஜன்னல்களுக்குப் பத்தமடைக் கோரைப் பாயில் திரை போட்டோம். சுருட்டி ஏற்றி இறக்குகிற மாதிரி கயிறு கோத்துத் தைத்தேன். வெயில் அதன் வழியாக வரும்போது தரையில் கோடு கோடாக விழும். மத்தியானம் மகள் அந்தக் கோடுகளில் படுத்துதான் படிப்பாள். முதல் ஐப்பசியிலேயே சாரல் பட்டுக் கறுப்புப் பூஞ்சை பிடித்தது. கோரை வெயிலைத் தாங்கும், ஈரம் ஆகாது. இப்போது ஐப்பசி பிறந்ததும் அவற்றைக் கழற்றிச் சுருட்டி, காற்றோட்டமாகப் பரணில் வைத்துவிட்டு, அத்தையின் பழைய சுங்குடிச் சேலைகளில் தைத்த திரையைப் போடுகிறேன். சேலைக்கு நேர்மாறு: மழை பட்டால் காய்ந்துவிடும், வெயில் பட்டால் சாயம் போகும். அதனால் பின்பக்கம் வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு ஒரு வீடு, வெயிலுக்கு ஒரு வீடு என்று ஆகிவிட்டது. முதன்முதலாக அந்தச் சேலைத் திரையைப் போட்ட அன்றைக்கு அத்தை விளிம்பைப் பிடித்துப் பார்த்து, "இது உங்க மாமா சித்திரத் திருவிழாவுக்கு மதுரைல எடுத்தது" என்றார்கள். அதுவரை எனக்கு அது தெரியாது.

மட்கு உரம் வீட்டிலேயே செய்கிறேன். அடியிலும் பக்கத்திலும் துளை போட்ட இரண்டு மண்பானை, மாற்றி மாற்றி. ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் காட்டுமண் வாசனையோடு கறுப்பாக இறங்கும்.

சருகுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டினால் போதும், கீழேயிருந்து அத்தையின் குரல் வரும். "ஏளா, தூம்பப் பாத்தியா?" பார்த்திருந்தாலும் மறுபடி ஏறுவேன். சல்லடைக் கூடையைச் சுற்றிச் சேர்ந்திருக்கிற வேப்பிலையையும் மல்லிச் சருகையும் இரண்டு கையாலும் அள்ளி, படியிறங்கி வந்து பானையில் போட்டு மூடுவேன்.